அட்வான்ஸ் கொடுக்கும் முன்: முதல்முறை மனை வாங்குகிறவர்களுக்கு

மனை பிடித்திருக்கிறது என்று உங்கள் முகம் சொல்லிவிட்டால் போதும், புரோக்கர் உடனே ஆரம்பித்துவிடுவார்: "சாயந்திரம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க சார், ஒரு ஐம்பதாயிரம் டோக்கன் போட்டு வச்சிடுங்க." திருச்சிக்கு வெளியே ஒரு மனையைப் பார்த்துவிட்டு நானும் அப்படித்தான் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத்தான் காகிதங்கள் கைக்கு வந்தன. இடம் விற்பவருடைய அப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. விற்க வந்தவர்கள் இரண்டு மகன்கள். ஆனால் அந்த வீட்டில் இரண்டு மகள்களும் உண்டு, அம்மாவும் உயிரோடு இருக்கிறார். "அக்காங்களுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு" என்றார்கள். மகள்கள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். என் பணம் மூன்று தவணையாகத் திரும்பி வர பதினோரு மாதம் ஆனது.

அதனால் இதைப் படிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முதலில் காகிதம், அப்புறம் வழக்கறிஞர், அப்புறம் எழுத்து ஒப்பந்தம், அதற்கும் அப்புறம்தான் பணம். இந்த வரிசையை யார் அவசரப்படுத்தினாலும் மாற்றாதீர்கள். கீழே இருப்பது தமிழ்நாட்டில் தனிநபரிடமிருந்து மனையோ வீடோ வாங்குகிறவர்களுக்கானது. புது மனைப்பிரிவில் வாங்குபவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் கேட்க வேண்டிய நகல்கள்

விலை பேசுவதற்கு முன்பே ஜெராக்ஸ் கேளுங்கள். விற்பவர் பெயரில் உள்ள பத்திரம், அதற்கு முந்தைய பத்திரங்கள், பட்டா, சொத்துவரி ரசீது, வீடாக இருந்தால் கட்டட அனுமதி வரைபடம், மின் இணைப்பு அட்டை. நேர்மையாக விற்கிறவர் இவற்றைத் தரத் தயங்க மாட்டார். "அட்வான்ஸ் போட்டா காட்டுறோம்" என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், ஊரில் வேறு மனை இல்லாமல் போகாது.

ஜெராக்ஸ் பார்த்த பிறகு ஒருமுறையாவது ஒரிஜினலைக் கண்ணால் பாருங்கள். ஒரிஜினல் இல்லை, சான்றிட்ட நகல்தான் இருக்கிறது என்றால் ஏன் என்று கேளுங்கள். பத்திரம் எங்காவது அடமானத்தில் இருக்கலாம். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியதைப் பதிவு செய்திருந்தால் அது வில்லங்கச் சான்றில், அதாவது அந்தச் சொத்தின்மேல் பதிவான ஆவணங்களின் பட்டியலில் தெரியும். தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கைமாற்றாக வாங்கியிருந்தால் எங்கேயும் தெரியாது. தொலைந்துவிட்டது என்று சொன்னால், காவல்துறையில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர்கள் தந்த சான்றும் நாளிதழ் விளம்பரமும் வேண்டும். அவை இல்லாமல் பேச்சை மேலே நகர்த்தாதீர்கள்.

வில்லங்கச் சான்றைப் படிப்பது எப்படி

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் மாவட்டம், சார் பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1975-க்குப் பிந்தைய பதிவுகள் பெரும்பாலும் கணினியில் கிடைக்கும். அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கைப்பட எழுதிய பழைய பதிவுகளைத் தேடச் சொல்ல வேண்டும். பொதுவாக 30 வருடம் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் மூலப்பத்திரம், அதாவது தாய்ப்பத்திரம் வரைக்கும் போய்ப் பாருங்கள்.

படிக்கும்போது பழைய பதிவில் தொடங்குங்கள். ஒரு தாளில் சங்கிலி மாதிரி எழுதிக்கொண்டே வாருங்கள்: இன்னார் இன்னாருக்கு இந்த வருடம் இத்தனை சென்ட் விற்றார், ஆவண எண் இது. அடுத்தவர் யாருக்கு விற்றார்? அதே அளவுதானா? 12 சென்ட் வாங்கியவர் 7 சென்ட் ஒருவருக்கும் 7 சென்ட் இன்னொருவருக்கும் விற்றிருப்பதெல்லாம் நடக்கிறது. நீங்கள் இரண்டாவது ஆளிடம் வாங்கினால் இல்லாத 2 சென்ட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருப்பீர்கள்.

புதியவர்கள் தவறவிடும் இடங்கள் இரண்டு. இப்போது 45/2பி என்று இருக்கும் உட்பிரிவு ஒரு காலத்தில் வெறும் 45/2 ஆக இருந்திருக்கும். பழைய எண்ணிலும் தேடினால்தான் பழைய அடமானமும் பழைய விற்பனையும் கண்ணில் படும். அதே மாதிரி, கிராமம் முன்பு வேறொரு சார் பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருடைய பழைய பத்திரத்தில் எந்த அலுவலகத்தின் முத்திரை இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடமானப் பதிவு ஒன்று இருந்தால் அதற்கு ஈடாக அடமானம் தீர்ந்த ரசீதும் பதிவாகியிருக்க வேண்டும். கடனைக் கட்டிவிட்டோம் என்ற வாய்வார்த்தை போதாது.

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களின் பட்டியல் மட்டும்தான். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகம், குடியிருப்பவரின் உரிமை, பதிவுக்கு வராத வழக்கு எதுவும் அதில் வராது. நீதிமன்ற வழக்குகளுக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் போட்டு அந்த மாவட்டத்தில் தேடிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

வாரிசுகள்: பலர் ஏமாறும் இடம்

விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று கேளுங்கள். அவரே கிரயம் வாங்கியதா, அப்பா உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட்டா, பாகப்பிரிவினையா, உயிலா, அல்லது அப்பா எதுவும் எழுதாமல் இறந்துபோய் அப்படியே வந்ததா. கடைசி வகையில்தான் மிகுந்த கவனம் வேண்டும்.

இந்துக் குடும்பத்தில் ஒருவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டு இறந்தால், 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. இறந்தவரின் தாய் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதைப் பல குடும்பங்களே மறந்துவிடுகின்றன, பாட்டிக்கு ஏது பங்கு என்று நினைக்கிறார்கள். எனக்கு நடந்ததையே கணக்குப் போட்டுப் பாருங்கள். மனைவி, இரண்டு மகன், இரண்டு மகள் என்றால் ஐந்து பங்கு. மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் வாங்குகிறவருக்கு ஐந்தில் இரண்டு பங்குதான் வரும், விலை முழுசாகக் கொடுத்திருந்தாலும்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கிவிட்டது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. அப்பா 2005-க்கு முன்பே இறந்துவிட்டார் என்பதற்காக மகளின் உரிமை போய்விடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் இந்தத் திருத்தம் தொடாது. சீர்வரிசை செய்தது, நகை போட்டது எதுவும் பங்கைக் கழிக்காது. மகள் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரயப் பத்திரத்தில் அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதில்லை. ஒரு பெண்ணுடைய பங்கின் மேல் நாம் வீடு கட்டி நிம்மதியாகக் குடியிருக்க முடியாது.

இறப்புச் சான்றிதழையும் வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழையும் வாங்கி, அதில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வாரிசுகளில் ஒருவரும் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளையும் தேட வேண்டும். மைனர் பெயரில் இருந்த சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 வயதாகி மூன்று வருடத்துக்குள் வந்து வழக்குப் போடலாம். பழைய பத்திரங்களில் "மைனருக்காகக் கார்டியனும் தாயாருமான" என்ற வரியைக் கண்டால் அங்கேயே நின்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுப் பங்கு வேறு விதமாக வரும், அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பவர் ஏஜென்டிடம், அதாவது உரிமையாளர் தன் சார்பில் விற்க அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதிக் கொடுத்தவரிடம் வாங்குகிறீர்கள் என்றால் பவர் கொடுத்தவரை எப்படியாவது நேரில் பாருங்கள், வெளியூர் என்றால் வீடியோ அழைப்பிலாவது பேசுங்கள். அவர் இறந்துவிட்டால் சாதாரணப் பவர் அன்றோடு செல்லாது. பவரை ரத்து செய்திருக்கிறாரா என்பதும் வில்லங்கத்தில் பார்க்க வேண்டியது. வெறும் பவரையும் ஒப்பந்தத்தையும் கையில் கொடுத்துவிட்டு "இதுவே கிரயம் மாதிரிதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி உரிமை மாறாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லியிருக்கிறது.

பட்டா, புலப்படம், அளவு

பட்டா வருவாய்த்துறை ஆவணம். அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் பொருந்தாத இடத்தை வாங்கினால் பின்னாடி அலைவது நீங்கள்தான். வருவாய்த்துறையின் மின்சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவுகளைக் காட்டும் வரைபடம்) மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம்.

பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பத்திரத்தில் சென்ட் அல்லது சதுர அடி. மாற்றிப் பார்க்கத் தெரிய வேண்டும்: 1 சென்ட் 435.6 சதுர அடி, 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி, 1 கிரவுண்டு 2,400 சதுர அடி. இப்போது ஒரு மனையின் பத்திரம் 5½ சென்ட் என்கிறது, பட்டா 2 ஏர் என்கிறது என்று வையுங்கள். பத்திரப்படி 2,395 சதுர அடி, பட்டாப்படி 2,153 தான் வரும். வித்தியாசம் 240-க்கும் மேல். சதுர அடி 1,500 ரூபாய் என்றால் மூன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. பத்திர எண்ணை நம்பி விலை பேசாதீர்கள், அளந்து வந்த எண்ணுக்கு விலை பேசுங்கள்.

1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர் என்பார்கள், பட்டாக்களை மொத்தமாகத் திருத்தி எழுதினார்கள். அப்போது பெயர் மாறிப்போனது, பங்காளி பெயர் ஏறியது, பரப்பு குறைந்தது என்று ஏகப்பட்ட பிழைகள் நுழைந்தன. அவை இன்றைக்கும் தொடர்கின்றன. பட்டாவில் வேறு பெயர் இருந்தால் விற்பவரே திருத்தி வாங்கிக் கொடுக்கட்டும், "வாங்கினப்புறம் நீங்க மாத்திக்கலாம்" என்பதற்குத் தலையாட்டாதீர்கள். பலர் பெயர் சேர்ந்திருக்கும் கூட்டுப்பட்டா என்றால் உங்கள் பகுதி எது என்று உட்பிரிவு செய்து காட்டச் சொல்லுங்கள்.

புலப்படத்தை எடுத்துக்கொண்டு ஒரு சர்வேயரோடு இடத்துக்குப் போங்கள். நான்கு மூலையிலும் கல் இருக்கிறதா, பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில் சொன்ன வடக்கு தெற்கு இப்போதும் பொருந்துகிறதா, முன்னால் இருக்கும் பாதை பொதுப் பாதையா அல்லது யாரோ விட்டுக்கொடுத்திருக்கும் தனிப் பாதையா. பாதையை விட்டுவிட்டு மனையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் வண்டியை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்ன வகை என்று இருக்கும். புறம்போக்கு, மேய்க்கால், வாய்க்கால், ஏரி என்று இருந்தால் பேச்சே வேண்டாம். பஞ்சமி நிலமா, பூமிதான நிலமா, கோயில் அல்லது வக்ஃபு நிலமா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் விசாரியுங்கள். பஞ்சமி நிலம் பட்டியலின மக்களுக்காகவே ஒதுக்கியது, அதை வேறு ஆட்கள் வாங்குவது செல்லாது, வாங்கவும் கூடாது.

மனைப்பிரிவு அங்கீகாரம்

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருவது சென்னைப் பெருநகருக்குள் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ, மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள், மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-இல் உயர் நீதிமன்றம் தடுத்த பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த அரசு வழி செய்தது. பழைய மனை என்றால் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாமல் வாங்கினால் வீடு கட்ட அனுமதியும் கடனும் கிடைப்பது கஷ்டம்.

புது லேஅவுட்டில் 500 சதுர மீட்டருக்கு மேல் இடமோ எட்டுக்கு மேல் மனைகளோ இருந்தால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு கட்டாயம். ரெரா தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு அங்கீகரித்த வரைபடத்தை நீங்களே பாருங்கள். உங்களுக்குக் காட்டிய மனை எண் அந்த வரைபடத்தில் மனையாகத்தான் இருக்கிறதா, பூங்காவுக்கு விட்ட இடமா என்று ஒப்பிடுங்கள். விளம்பரத் தாளில் அச்சடித்த வரைபடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இதெல்லாம் சரி என்றால் மழைக்காலத்தில் ஒருமுறை, முடிந்தால் கனமழைக்கு மறுநாள், இடத்தைப் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டு நின்று பத்து நிமிடம் பேசுங்கள். எந்தத் தகராறும் அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

வழக்கறிஞர், ஒப்பந்தம், பணம்

காகிதங்களைப் பார்த்துச் சட்டக் கருத்து (லீகல் ஒப்பீனியன்) தரும் வழக்கறிஞர் உங்களுடையவராக இருக்க வேண்டும், புரோக்கர் கூட்டிவருபவராக இருக்கக் கூடாது. முழு செட் நகலையும் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். வங்கிக் கடன் போடுகிறவர்களுக்கு வங்கியின் வழக்கறிஞரும் பார்ப்பார், ஆனாலும் அவர் வங்கிக்காகப் பார்க்கிறார்.

அதன் பிறகு கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்திப்படாதீர்கள். பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறும், அதே இடத்தை வேறொருவர் வாங்க வந்தால் அவர் கண்ணில் படும். விலை, முன்பணம், மீதி கொடுக்கும் கெடு, கெடு தவறினால் என்ன, பட்டாத் திருத்தம் யார் பொறுப்பு, எல்லா வாரிசுகளும் வந்து கையெழுத்திடுவது யார் பொறுப்பு என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அந்த ரொக்கத்தைப் பெற்ற விற்பவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். பத்திரத்தில் குறைத்துக் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கேட்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது, நான் வேண்டாம் என்பேன். பேரம் முறிந்தால் அந்த ரொக்கத்துக்கு உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. பிற்பாடு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் லாபம் கூடுதலாகத் தெரியும், வரியும் உங்கள் தலையில் விழும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாக (டி.டி.எஸ்) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் வேறு, அதிகம். ஆடிட்டரிடம் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

பதிவு நாள்

அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை, இரண்டில் எது அதிகமோ அதன்மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்ச ரூபாய் மனைக்கு 2,70,000 ரூபாய். மனை விலைக்கே பணத்தைச் சரிக்கட்டிவிட்டு இதை மறந்து, கடைசி வாரத்தில் நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். 2025 ஏப்ரல் முதல் 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. பத்திர எழுத்தர் கூலி, வழக்கறிஞர், புரோக்கர் கமிஷன் இதெல்லாம் தனி.

வரைவுப் பத்திரத்தை இரண்டு நாள் முன்பே கையில் வாங்கி, சொத்து விவரத்தை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், நான்கெல்லை, நீள அகலம், பெயர், தகப்பனார் பெயர், ஆதார் எண். ஒரு எண் தவறினாலும் பிற்பாடு பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், அதற்கு விற்றவரே மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவர் அப்போது எங்கே இருப்பாரோ. பதிவு நாள் காலையில் வில்லங்கத்தை இன்னொரு தடவை பாருங்கள். அடையாளச் சான்றோடு இரண்டு சாட்சிகளைக் கூட்டிப் போங்கள், உங்களைத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. மீதிப் பணத்துக்கான டிடியைக் கையில் வைத்திருந்து, கையெழுத்தும் கைரேகையும் முடிந்ததும் கொடுங்கள். மூலப்பத்திரம் முதல் எல்லா ஒரிஜினலையும் அங்கேயே எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிந்த பிறகு

பலர் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பட்டா உங்கள் பெயருக்கு மாற வேண்டும். விற்பவர் பெயரில் தனிப்பட்டா இருந்து முழு உட்பிரிவையும் வாங்கியிருந்தால் எளிதாக மாறிவிடும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய விண்ணப்பித்து, அரசு சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அந்த நாளில் நீங்கள் அங்கே நில்லுங்கள், பக்கத்து நிலத்துக்காரருக்கும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

சொத்துவரி, குடிநீர், மின் இணைப்பு மூன்றிலும் பெயரை மாற்றுங்கள். காலி மனை என்றால் கம்பி வேலி போட்டு, மூலைக் கற்களுக்கு வெள்ளையடித்து, பெயர்ப் பலகை ஒன்று வையுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், வில்லங்கமும் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு பதிவு அதில் ஏறியிருந்தால் அன்றைக்கே மாவட்டப் பதிவாளரிடம் புகார் கொடுத்து, வழக்கறிஞரையும் பாருங்கள்.